காதில் விழுந்த வேர்

எனக்கு வயது எழுபத்தேழு. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. பெற்றதில் இரண்டு ஆண், ஒரு பெண். பெண்ணைப் பள்ளிப்பட்டில் கொடுத்திருக்கிறோம். நான்காவது என் நாத்தனார் மகள். நாத்தனார் போய்ச் சேர்ந்தபோது அந்தக் குழந்தைக்குப் பால்பல்கூட விழவில்லை. இடுப்பில் தூக்கி வந்தேன், வளர்த்தேன், வளர்ந்ததும் என் பெரிய மகனுக்கே கட்டிவைத்தேன். முறைப்பெண்தான். நான்கு பேரையும் யார் வீட்டு வாசலிலும் போய் நின்று கேட்டு வளர்க்கவில்லை. இதை முதலில் எழுது என்று சொன்னேன். எழுதிவிட்டாளாம்.

எழுதுகிறவள் என் சின்ன மகனின் மகள். ஒன்பதாவது படிக்கிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத்தில் வருகிற மாதிரி மாற்றி எழுது, ஆனால் யார் யார் என்ன பேசினார்களோ அதை மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கு எழுத்து தெரியாது என்று நினைக்க வேண்டாம். தெரியும், பாதி. நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது எங்கள் திருத்தணி ஆந்திராவோடு இருந்தது. முதலில் தெலுங்கு எழுத்தைச் சிலேட்டில் போட வைத்தார்கள். பிறகு ஊர் இந்தப் பக்கம் வந்தது, தமிழ் எழுத்து வந்தது. தெலுங்கில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு ‘ர’. தமிழில் சின்ன ‘ர’ ஒன்று, பெரிய ‘ற’ ஒன்று. எந்தச் சொல்லுக்கு எது என்று பிடிபடுவதற்குள் என்னைக் களை எடுக்க அனுப்பிவிட்டார்கள். அதோடு படிப்பு முடிந்தது. இதைச் சும்மா சொல்லவில்லை. இந்த வருடம் எங்கள் வீட்டில் நடந்தது எல்லாம் கடைசியில் அந்த எழுத்தில் போய்த்தான் முட்டியது.

வீடு மலைக்குக் கீழே இருக்கிறது. கீழ்வீட்டில் நானும், பெரியவனும், பெரிய மருமகளும். பெரியவனுக்கு மலையடிவாரத்தில் பூவும் பூசைச் சாமானும் விற்கிற கடை. மாடியில் சின்னவன், அவன் பெண்டாட்டி, இந்தப் பெண். சின்னவன் தினம் ரயில் ஏறி சென்னைக்கு வேலைக்குப் போகிறவன். சின்ன மருமகளுக்கு ஊர் நகரி. வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவள். மாடியில் காபி போட ஒரு ஸ்டவ் உண்டு. சமையல் எல்லாம் கீழேதான். ஒரே அடுப்பு. வீட்டின் பக்கவாட்டில், மண் தரையில், ஒரு புங்கமரம் நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம் செப்டிக் டேங்க். மாடியிலிருந்து இறங்குகிற தண்ணீரும் கீழ்வீட்டுத் தண்ணீரும் ஒரு தொட்டியில் சேர்ந்து, அந்த மரத்துக்கு அடியில் புதைத்த பழைய சிமெண்டுக் குழாய் வழியாகத்தான் போக வேண்டும்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கொண்டு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் ஊருக்குப் போன பிறகு அந்தச் சத்தம் ஆரம்பித்தது. நான் விடியலில் குளிக்கிறவள். குளியலறையில் நிற்கிறேன், சொம்பு கையில் இருக்கிறது, இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. தரையில் இருக்கிற ஓட்டைக்குள் யாரோ தொண்டையில் தண்ணீரை வைத்துக் கொப்பளிப்பது போலக் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. மாடியில் சின்னவன் ரயிலுக்குக் கிளம்பக் குளித்துக்கொண்டிருந்தான். அவன் மேலே ஒரு சொம்பு ஊற்றினால், கீழே என் காலடியில் அது பதில் சொன்னது.

நான் பயந்த சுபாவம் இல்லை. கரும்புத் தோட்டத்தில் பாம்பைப் பார்த்தால் நகர்ந்து நின்று அது போக வழி விட்டவள். ஆனால் பாம்பு கண்ணுக்குத் தெரியும். இது தெரியவில்லை. தரைக்கு அடியில், நாற்பது வருடமாக நான் பெருக்கித் துடைத்து நடக்கிற தரைக்கு அடியில், என்னவோ வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அடுத்தடுத்த நாட்களில் ஓட்டையிலிருந்து கறுப்புத் தண்ணீர் மேலே வந்தது. முதலில் விரல் நனைந்தது, பிறகு பாதம் முழுகியது. வழுக்கி விழுந்தால் இந்த வயதில் எழுந்திருக்க முடியாது என்று சுவரைப் பிடித்துக்கொண்டே குளித்தேன். மரத்துப் பக்கத்துச் சுவரில் ஒரு வெடிப்பு உண்டு. அது எப்போதும் இருப்பதா, இப்போது நீண்டதா என்று தினமும் பார்த்தேன். பார்க்கப் பார்க்க நீளமாகத்தான் தெரிந்தது.

பெரியவன் கனகம்மாசத்திரத்திலிருந்து ஒரு பைப்புக்காரரைக் கூட்டி வந்தான். அவர் தொட்டியின் மூடியைத் தூக்கி, மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தினார். பிறகு முனையில் கொக்கி வைத்த கம்பியை விட்டுச் சுற்றி இழுத்தார். வந்தது ஒரு கொத்து. கறுப்பாக, கொழகொழவென்று, மெல்லிய இழை இழையாக, கை நிறைய.

“இன்னாம்மா இது,” என்றார். “மலையில மொட்டை அடிக்கிற எடத்துலருந்து நேரா உங்க வூட்டுக்கு லைன் குடுத்துக்கிறாங்களா.”

முடி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எங்கள் ஊரில் மழித்த முடியைக் கூடை கூடையாகப் பார்த்த கண்களுக்கு வேறு எதுவும் தோன்றாது.

பெரிய மருமகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். “எங்க தலையில இவ்ளோ முடி ஏது,” என்றாள். “இழுத்து முடிஞ்சா எலி வால் மாதிரி கீது. மேல தலைக்கு ஊத்திக்கினு உலுக்கறவங்களைக் கேளுங்க.”

சின்ன மருமகள் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. அந்த முடியைப் பார்த்துத்தான் என் மகன் சரி என்றான். “நான் சீவறது மொட்டமாடியில அக்கா,” என்றாள். “சிக்கு முடியெல்லாம் சுருட்டிக் கவர்ல போடறேன். வந்து பாருங்க.”

“கவரை இன்னாத்துக்குப் பாக்கணும். குழாயிலயே ரொம்பிக் கீதே.”

“அத்தம்மா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“ரெண்டு பேரும் உள்ள போங்க,” என்றேன். “ஆம்பளை நின்னுகினு கீறாரு.”

“நீங்க வளத்த பொண்ணு சொல்லிட்டாங்க. அதுக்கு மேல சாட்சி எதுக்கு,” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அன்றைக்குத் தண்ணீர் கொஞ்சம் இறங்கியது. மறுவாரம் மறுபடி ஏறியது. ஏறும்போதெல்லாம் பெரியவள் ‘முடி’ என்று ஒரு வார்த்தை சொல்வாள், சின்னவள் காதில் விழுகிற மாதிரி. சின்னவள் பதில் சொல்லாமல் துடைப்பத்தை எடுத்துக் குளியலறையைக் கழுவிவிட்டுப் போவாள். பதில் சொல்லியிருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது.

ஒருநாள் பிற்பகல், காய்ந்த துணியை எடுக்கப் பின்பக்கம் போனேன். மாடிப்படிக்குக் கீழே கொடி கட்டியிருக்கிறது. மேல்படியில் உட்கார்ந்து சின்ன மருமகள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நைனா, நைனா என்றாள். நகரியில் இருக்கிற அவள் அப்பாதான். நான் கீழே இருப்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெலுங்கு சரளமாக வாயில் வராது. காதுக்கு நன்றாகத் தெரியும்.

“வேரு நைனா. அந்தா வேரே,” என்றாள். பிறகு அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டாள். “இங்க்க ஒக்கட்டிகா உண்டே காது. ரெண்டு சேசுகோவால.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “அத்தம்மக்கு இங்க்கா செப்பலேது. செப்தே ஒப்புகோரு.”

இனி ஒன்றாக இருந்தால் ஆகாது, இரண்டாக்கிக்கொள்ள வேண்டும். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். இவ்வளவும் எனக்கு விளங்கியது. எல்லாவற்றுக்கும் முன்னால் சொன்னாளே, அந்த வேரு, அதுதான் நெஞ்சில் நின்றது. தெலுங்கில் வேரு போவது என்றால் அடுப்பைப் பிரித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போவது. வேரு காபுரம் என்பார்கள். நாங்கள் ‘வேற போய்ட்டாங்க’ என்று சொல்கிறோமே, அதே.

கையில் இருந்த துணியை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். அது யாருடைய துணி என்றுகூடப் பார்க்கவில்லை.

தனியாகப் போவது ஊரில் நடக்காததா, இதற்கு இவ்வளவு பயமா என்று கேட்கலாம். கல்யாணமாகி நான் முதலில் வாழப் போன திருவாலங்காட்டு வீட்டில் அதைப் பார்த்திருக்கிறேன். என் மாமனாரும் அவர் தம்பியும் வேற போனபோது முற்றத்தின் நடுவே சுவர் வந்தது. கிணறு ஒன்றுதான், அதைப் பிரிக்க முடியாது என்று கிணற்றின் வாய்க்கு மேலேயும் சுவர் வைத்தார்கள். இந்தப் பக்கம் ஓர் உருளை, அந்தப் பக்கம் ஓர் உருளை. தண்ணீர் இறைக்கும்போது இரண்டு வாளியும் கீழே மோதிக்கொள்ளும், மேலே யார் இறைக்கிறார்கள் என்று முகம் தெரியாது. என் நாத்தனார் செத்துக் கிடந்த அன்றைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உருளைச் சத்தம் கேட்டது. ஆள் ஒருவரும் வரவில்லை. அந்தப் பிணத்தின் பக்கத்திலிருந்துதான் இந்தப் பெரிய மருமகளைக் குழந்தையாக நான் தூக்கி வந்தேன். அதனால் எனக்கு அந்தச் சொல் வெறும் சொல் இல்லை.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் போகாதே என்று கெஞ்சியதாகிவிடும். நான் யாரிடமும் கெஞ்சியதில்லை. என் மகனிடம் மட்டும் கெஞ்சுவேனா. அதனால் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்க ஆரம்பித்தால் எல்லாம் தெரிகிறது. சின்னவள் தோசைக்கல்லை மாடிக்கு எடுத்துப் போனாள். மறுநாள் பெரிய குண்டானையும் எடுத்துப் போனாள். கீழே சமையலறைத் தண்ணீரும் அதே குழாயில்தான் போகிறது, அது தேங்கி நிற்கிறது, அதனால் மொட்டைமாடியில் வைத்துத் துலக்கினாள் என்பது இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பாத்திரம் ஒவ்வொன்றாக மேலே ஏறுகிறது.

ஞாயிற்றுக்கிழமை சின்னவன் டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். ஒரு முனையை இந்தப் பெண் பிடித்துக்கொள்ள, வீட்டுச் சுவரிலிருந்து புங்கமரத்தைச் சுற்றிக்கொண்டு அளந்தான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூப்பிட்டு என்னடா என்று கேட்க வாய் வரவில்லை. சாயங்காலம் வெளியே போனால், வீட்டு மூலையிலிருந்து பின்மதில் வரைக்கும் மண்ணில் ஒரு வெள்ளைக் கோடு. சுண்ணாம்புத்தூள் போட்டு நேராக இழுத்திருந்தார்கள். சுவர் வைக்க அஸ்திவார வாணம் தோண்டுகிறவர்கள் அப்படித்தான் போடுவார்கள். துணி காயப்போட அந்தக் கோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தேன். இன்னொரு காலை எடுக்கச் சற்று நேரம் ஆயிற்று.

அந்த வாரம் சோறு இறங்கவில்லை. சாம்பாருக்கு உப்புப் போட்டேனா என்று தெரியாமல் மறுபடி போட்டேன். “அத்தை, இன்னா யோசனையில கீறீங்க,” என்றாள் பெரியவள். “கடல்ல மொண்டு ஊத்தன மாதிரி கீது.” ஒன்றுமில்லை என்றேன். அவளுக்கும் தெரிந்திருக்கும், எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். விடியலில் அந்த ஓட்டை கொப்பளிக்கும்போது, இன்னும் எத்தனை நாள் இந்தச் சத்தம் என்று மனசு கேட்டது. சத்தம் நின்றால் மேலே ஆள் இல்லை என்று அர்த்தம்.

கிருத்திகை வந்தது. மாதாமாதம் கிருத்திகைக்கு மகன்கள் இரண்டு பேரும் மலையேறிச் சாமி கும்பிட்டு வருவார்கள். அதன் பிறகு எல்லோரும் கீழ்வீட்டில் இலை போட்டு ஒன்றாகச் சாப்பிடுவோம். சின்னவன் அதற்காக லீவு போடுவான். அன்றைக்கும் இலை போட்டாயிற்று. வடை வைத்தாயிற்று. எல்லோரும் நெற்றியில் விபூதியோடு உட்கார்ந்திருந்தார்கள். இது கடைசிக் கிருத்திகையாக இருக்கும் என்று தோன்றியதும் என்னால் அடக்க முடியவில்லை.

“வேற போறதுன்னா நான் உசுரோட கீறப்பவே சொல்லிட்டுப் போங்க,” என்றேன். “கோட்டையும் போட்டுட்டு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிக்கினு சோறு திங்காதீங்க.”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“எந்தக் கோடு அவ்வா,” என்று கேட்டாள் இந்தப் பெண். இவள் மட்டும் என்னை அவ்வா என்பாள், அம்மா சொல்லிக்கொடுத்தது.

“வெளிய போட்டுக்கிறானே உங்கப்பன். செவுரு எழுப்ப.”

“அது பைப்புக்குத் தோண்டறதுக்கு அவ்வா.”

“ஆங், பைப்புக்கு. உங்கம்மா நைனாகிட்ட வேரு, வேரு, ரெண்டா ஆக்கணும்னு சொன்னாளே, அதுவும் பைப்பா.”

இந்தப் பெண் வாயிலிருந்த சோறு தெறிக்கச் சிரித்தது. “ஆமா அவ்வா, பைப்புதான். வேரு. மரத்தோட வேரு. தெலுங்குலயும் அதே சொல்லுதான்.”

சின்ன மருமகள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்து எழுந்து நின்றாள். பைப்புக்காரர் எடுத்துப் போட்ட கொத்தை அவள் விடவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் போட்டு அலசி அலசிப் பார்த்திருக்கிறாள். முடி கிளை விடாது. இது இழைக்கு இழை கிளை விட்டிருந்தது. அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். குழாய் ஒன்றாக மரத்தடியில் போனால் வேர் மறுபடி வரும், மேல்வீட்டுக்கு ஒன்று கீழ்வீட்டுக்கு ஒன்றாக இரண்டு லைனை மரத்தை விட்டுத் தள்ளிப் போடுங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். வேரை வெட்டுவதற்கு நான் ஒப்ப மாட்டேன், தோண்டிக் காட்டாமல் பெரியவள் நம்ப மாட்டாள் என்று பயந்து, முதலில் புருஷனிடம் சொல்லி அளக்க வைத்திருக்கிறாள்.

“உங்களை வுட்டு எங்க அத்தம்மா போறேன்,” என்றாள். “நான் வேருன்னா, நீங்க வேறன்னு கேட்டுக்கிறீங்க.”

“இப்ப வேருன்னு சொல்லிக்கலாம்,” என்று முணுமுணுத்தாள் பெரியவள். “தோண்டிப் பாத்தாத்தான தெரியும்.”

எனக்கு மூச்சு வந்தது. இலையில் கை வைத்தேன். அப்போதுதான் சின்னவனைப் பார்த்தேன். எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், இவன் ஒருவன் தலையைக் குனிந்து, பிசைந்த சோற்றையே பிசைந்துகொண்டிருந்தான். சின்ன வயதில் தப்பு செய்துவிட்டு வந்து உட்காரும்போது இப்படித்தான் பிசைவான்.

“இன்னாடா,” என்றேன்.

“ஒண்ணுமில்லமா.”

“சொல்லுடா, அம்மா கேக்கறாங்கல்ல,” என்றான் பெரியவன்.

“அரக்கோணத்துல ஒரு வூடு பாத்தேன். சும்மா பாத்தேன். ரயிலுக்குக் கிட்ட.” பிறகு அண்ணனைப் பார்க்காமல் சொன்னான், “தெனம் சாய்ந்தரம் வந்தா முடி, முடின்னு ஒரே பேச்சு. அவ வாயைத் தொறக்கறதில்ல. நான் எத்தினி நாள் கேட்டுக்கினே இருக்கறது.”

“நாக்கே தெலீது,” என்றாள் சின்ன மருமகள். எனக்கே தெரியாது என்று. யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை.

இந்த ஒரு மாதமும் நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு பார்த்தவன் என் வயிற்றில் பிறந்தவன். நான் தப்பாகக் கேட்டு வாய் விட்டிருக்காவிட்டால் அந்தச் சொல் இலை போட்ட இடத்தில் வந்திருக்காது. ஆனால் சத்தமில்லாமல் ஒருநாள் சாவியை வாங்கியிருப்பான். எது தேவலை என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு யாரும் பாயசம் கேட்கவில்லை.

தோண்ட ஆட்கள் வந்தார்கள். மண்ணைப் பறித்துக் குழாயைத் திறந்து காட்டினார் பைப்புக்காரர். இரண்டு குழாய் சேருகிற இணைப்பில் சிமெண்ட் விரிந்திருந்தது. அந்த விரிசலில் நூல் போல நுழைந்த வேர், உள்ளே போய்ப் பருத்துக் குழாய் முழுவதும் அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். வந்துகொண்டே இருந்தது. குழாயின் உருவம் அப்படியே, உருண்டையாக, இறுக்கிப் பின்னிய சடை போல. தரையில் நீட்டிப் போட்டபோது ஓர் ஆள் நீளம் கிடந்தது. ஈரமாக, நாற்றத்தோடு. இவ்வளவு நீளம் என் காலுக்குக் கீழே படுத்துக்கொண்டிருந்ததா என்று எனக்கு உடம்பு கூசியது. நான்தான் நட்ட மரம். கறவை மாட்டைக் கட்ட நிழல் வேண்டும் என்று நட்டேன். மாடு போய் எத்தனையோ காலம் ஆயிற்று. மரம் நிற்கிறது.

பெரிய மருமகள் வந்து நின்று அதையே பார்த்தாள். நன்றாகக் குனிந்து பார்த்தாள். அவள் தப்பு என்று ஒத்துக்கொள்கிற ஜாதி இல்லை. என் வளர்ப்பு அப்படி.

“ரெண்டு ரிப்பன் கட்டினா ஸ்கூலுக்கு அனுப்பலாம்,” என்றாள்.

சின்னவள் படியில் நின்றபடியே சொன்னாள், “மொதல்ல எண்ணெ தேச்சி விடுங்கக்கா. முடின்னு நீங்கதான சொன்னீங்க.”

பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா, நாற்றத்துக்குப் பொத்தினாளா தெரியாது. ஆனால் அன்று சாயங்காலம் கடையிலிருந்து மல்லிகைச் சரம் வந்தபோது, எப்போதும் கிள்ளிக் கையில் கொடுக்கிறவள், சின்னவளைத் திருப்பி நிறுத்தித் தானே தலையில் வைத்துவிட்டாள். சரம் போதாது, இந்த முடிக்கு ஒரு முழம் எந்த மூலைக்கு என்று திட்டிக்கொண்டே வைத்தாள்.

சின்னவன் அதைப் பார்த்தான்.

மறுநாள் பைப்புக்காரர் என்னிடம் வந்தார். “வூட்டுக்குப் பெரியவங்க நீங்க சொல்லுங்கம்மா. மரத்தை எடுத்துட்டா பழைய எடத்துலயே ஒரே லைன் போட்டுக்கலாம். மரம் நிக்கணும்னா, மேல வூட்டுக்கு ஒண்ணு, கீழ வூட்டுக்கு ஒண்ணு, ரெண்டு பக்கமா சுத்திக்கினு போவணும்.”

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்கு அந்த இரண்டு என்கிற சொல்லே ஆகவில்லை. மரத்தை வெட்டு, ஒன்றாகவே போடு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மரம் எனக்குப் பெரிதில்லை. என் கண்ணெதிரே இரண்டு குழாய் இறங்கி இரண்டு திசையில் போவதைப் பார்ப்பதை விட, மரம் விழுவதைப் பார்த்துவிடுவேன்.

“நீ சொல்லு,” என்றேன் சின்னவனிடம்.

“ரெண்டு போட்டா யாரும் யாரையும் கேக்க வேணாம்மா,” என்றான். “அடைச்சிக்கினா அவங்கவங்களோடது.”

அவன் சொன்னது எனக்கு இரண்டு விதமாகக் கேட்டது. பிரிந்து போகிறவன் பேச்சாகவும் கேட்டது. பிரியாமல் இருக்க வழி தேடுகிறவன் பேச்சாகவும் கேட்டது. ஒரே குழாய் போட்டு, அது மறுபடி அடைத்து, மறுபடி ஒரு வார்த்தை வந்தால், அன்றைக்கு இவனை நிறுத்த ஆள் கிடையாது. இரண்டு போட்டால், மண்ணுக்கு அடியில் நானே கோடு கிழித்ததாக ஆகும். எந்தப் பக்கம் கால் வைத்தாலும் பயம்தான்.

“ரெண்டாவே போடு,” என்றேன். “குழாய் வேறயா இருந்துட்டுப் போவட்டும். அடுப்பு வேற ஆவக்கூடாது.”

சின்னவன், “பாப்பா பத்தாவது முடிக்கட்டும்மா. அப்பறம் பாக்கலாம்,” என்றான். அது போக மாட்டேன் என்பதும் இல்லை, போவேன் என்பதும் இல்லை. பைப்புக்காரர் கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். “இதுவும் ஒருநாள் வரும்மா,” என்றார் சாதாரணமாக. “தண்ணி எங்க கீதோ அங்க வேரு தேடிக்கினு வந்துடும். அப்பப்ப தொறந்து பாத்துக்குங்க.”

இப்போது தோண்டியதில் போக மிச்சமிருந்த வெள்ளைக் கோடும் மழையில் கரைந்துவிட்டது. மரத்தில் ஒரு பக்கத்து வேர் போனதில் கொஞ்சம் இலை உதிர்ந்தது, மறுபடி துளிர்த்திருக்கிறது. தோசைக்கல் கீழே வந்துவிட்டது. குண்டான் வந்துவிட்டது. பெரியவளும் சின்னவளும் தினமும் ஏதாவது பேசிக்கொள்கிறார்கள், சண்டையும் போடுகிறார்கள். அதில் எனக்குப் பயமில்லை.

விடியல்தான் ஆகவில்லை. குளியலறையில் நிற்கிறேன். கீழே ஓட்டையில் சத்தமே இல்லை. முன்பு மாடியில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் என் காலடியில் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு எவ்வளவு நடுங்கினேன். இப்போது அவர்கள் தண்ணீர் அவர்கள் குழாயில் போகிறது. மேலே ஆள் இருக்கிறார்களா, குளிக்கிறார்களா, எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. சொம்பைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கி மேல்கூரையைப் பார்த்தபடி நிற்கிறேன். சின்னவன் ரயிலுக்குப் படி இறங்குகிற செருப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன். ஒருநாள் அவன் லீவு என்பது எனக்குத் தெரியாது. வெகுநேரம் நின்று ஜன்னியே வந்துவிடும் போல ஆகிவிட்டது.

இதையெல்லாம் ஏன் எழுத வைக்கிறேன் என்றால், இந்தப் பெண் பத்தாவது முடிக்க இன்னும் ஒன்றரை வருடம்தான் இருக்கிறது. அதுவரைக்கும் சாயங்காலம் சாயங்காலம் இவள் கீழே வந்து என் பக்கத்தில் உட்கார ஒரு வேலை வேண்டும். வேறு காரணம் இல்லை.

போதும் கண்ணு, பேனாவை மூடு. இல்ல, மூடாத. மொதல்லருந்து படி, கேக்கறேன். மெதுவா படி. வேர்னு வர எடத்துல எல்லாம் சின்ன ‘ர’வா போட்டுக்கிறே, பெரிய ‘ற’வா போட்டுக்கிறேன்னு எனக்கு வெரலை வெச்சிக் காட்டிக்கினே படி. மேலருந்து உங்கம்மா கூப்ட்டா, இதோ வரேன்னு சொல்லு. போயிடாத.